தொழுதூருக்கும் பெரம்பலூருக்கும் நடுவே

டோல்கேட்டைத் தாண்டியது வினோதினிக்கு நினைவில்லை.

தொழுதூரைக் கடந்தது நினைவிருந்தது. வலப்பக்கம் வெயில் சாய்ந்து கண்ணைக் குத்தியதும், மகள் சுவாதி பின் சீட்டில் கால் நீட்டித் தூங்கிப்போனதும், பக்கத்தில் கணவன் பிரேம்குமார் மாவுக்கட்டுப் போட்ட வலது கையை மடியில் கிடத்தியபடி பாட்டின் சத்தத்தைக் குறைத்ததும் நினைவிருந்தன. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. இப்போது வெயில் போய்விட்டிருந்தது. காரின் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. அவள்தான் போட்டிருக்க வேண்டும். டோல்கேட்டில் வேகத்தைக் குறைத்து, வரிசையில் நின்று, கியர் மாற்றி, மறுபடி கிளம்பி, எல்லாவற்றையும் கையும் காலும் தாமாகவே செய்திருக்கின்றன. அவள் மட்டும் அங்கே இல்லை.

டோல்கேட் எப்போது வந்தது என்று கேட்டாள். அதெல்லாம் தாண்டி ரொம்ப நேரமாகிறது என்று பிரேம்குமார் சிரித்தான்.

பூச்சிமருந்துக் கம்பெனியில் விற்பனை வேலை பார்க்கும் அவனுக்கு இந்தச் சாலை தண்ணிபட்ட பாடு. சென்னையிலிருந்து திருச்சி வரைக்கும் இதைவிடச் சலிப்பான துண்டு கிடையாது என்று கிளம்பும்போதே சொல்லியிருந்தான். வளைவு இல்லை, மேடு இல்லை, பார்ப்பதற்கு ஒரு குளம்கூட இல்லை. மக்காச்சோளம் முடிந்தால் பருத்தி, பருத்தி முடிந்தால் மறுபடி மக்காச்சோளம். சாலை நடுவில் அரளிச்செடி. அங்கே வரும்போது வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வா என்று எச்சரித்திருந்தான். மறுநாள் காலை விக்கிரமங்கலத்தில் அவளுடைய தம்பி சரத்குமாருக்கு நிச்சயதார்த்தம். பஸ்ஸில் போகலாம் என்றவனிடம், தானே ஓட்டி வருகிறேன் என்று பிடிவாதம் பிடித்தவள் அவள்தான். இவ்வளவு தூரம் அவள் ஓட்டுவது இதுதான் முதல்முறை.

டயர்கள் தாரில் உரசும் சத்தம் ஏறாமல் இறங்காமல் ஒரே சுருதியில் காதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. சுவாதி சீட்டிலிருந்து சரிந்துவிட்டாளோ என்று தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் பார்த்தாள்.

சுவாதி சரியவில்லை. ஒரு பெண்ணின் மடியில் தலைவைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

வினோதினியின் கையில் ஸ்டியரிங் திரும்பி, கார் ஒரு கணம் இடப்பக்கம் இழுத்தது. பின்னால் வந்த லாரி நீளமாக ஹாரன் அடித்தது. பிரேம்குமார் நிமிர்ந்து உட்கார்ந்து, ரோட்டைப் பார்க்கச் சொன்னான். அவன் குரலில் அந்தப் பெண்ணைப் பற்றிய ஆச்சரியம் எதுவும் இல்லை.

“பின்னாடி யாருங்க அது?” குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“யாருன்னா? நீதான நிறுத்தி ஏத்துன.”

அவனே விவரம் சொன்னான். ரோட்டோரம் அந்த அம்மா தனியாகக் கை காட்டிக்கொண்டு நின்றதாகவும், பஸ் எதுவும் நிற்கவில்லை போலிருக்கிறது, இருட்டப் போகிற நேரத்தில் பாவம் என்று சொல்லி வினோதினிதான் ஓரம்கட்டியதாகவும், பெரம்பலூரில் இறக்கிவிடுகிறேன், ஏறிக்கொள்ளுங்கள் என்று அவளே இறங்கிப்போய்ப் பின்கதவைத் திறந்துவிட்டதாகவும் சொன்னான். பேரைக்கூட அவள்தான் கேட்டாளாம். பூமாலை.

இறங்கியிருக்கிறாள். நடந்திருக்கிறாள். பேசியிருக்கிறாள். அதில் ஒரு சொல்கூட அவளுக்குள் இல்லை.

கண்ணாடியில் மறுபடி பார்த்தாள். நாற்பது வயதிருக்கும். படிய வாரிய தலை, பருத்திப் புடவை. எந்த ஊர்ப் பேருந்து நிலையத்திலும் பார்க்கக்கூடிய முகம்தான். வகிட்டிலும் புருவத்திலும் மட்டும் சுண்ணாம்புக்கல் லாரி போகிற சாலையோரத்து மரங்களில் படிந்திருப்பது போல வெள்ளையாகத் தூசி. ஏசி ஓடிக்கொண்டிருந்தும் காருக்குள் பகலெல்லாம் காய்ந்த தாரின் வாடை அடித்தது. அந்த வாடை பின் சீட்டிலிருந்து வந்தது. பூமாலை சுவாதியின் தலைமுடியைக் கோதிக்கொண்டிருந்தாள். கோதும்போதெல்லாம் கறுப்பு முடியில் வெள்ளைக் கோடு விழுந்தது.

எனக்கு எதுவுமே ஞாபகமில்லை என்று வினோதினி கணவனிடம் மெல்லச் சொன்னாள். முதலில் சிரித்தவன், அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினான். தூக்கக் கலக்கம்தான், பெரம்பலூர் போய் டீ குடித்துக் கொஞ்சம் நடந்தால் சரியாகிவிடும் என்றான். அவள் சொன்னது பின் சீட்டுக்குக் கேட்டிருக்க முடியாது. ஆனால் பூமாலை பேசினாள்.

“பயப்படாதீங்கம்மா. இந்த எடத்துல எல்லாருக்கும் அப்படித்தான். கண்ணு ரோட்டுல இருக்கும், ஆளு இருக்க மாட்டாங்க.”

ஆறுதல் சொல்கிற குரல்தான். அதுதான் வினோதினியைப் பயமுறுத்தியது.

எங்காவது நிறுத்திவிட வேண்டும். வெளிச்சமுள்ள ஓர் இடம், நாலு பேர் நிற்கிற ஒரு டீக்கடை, ஒரு பெட்ரோல் பங்க். நிறுத்தி, பின்கதவைத் திறந்து, முதலில் சுவாதியைத் தூக்கிக்கொள்ள வேண்டும். மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். வேகத்தைக் குறைக்காமல் தேடிக்கொண்டே போனாள். மக்காச்சோளம். பருத்தி. அரளிச்செடி. எதிர்ச்சாரியில் வரும் விளக்குகள் செடிகளுக்கு இடையே மின்னி மறைந்தன. பெரம்பலூர் பதினெட்டு கிலோமீட்டர் என்று பச்சைப் பலகை ஒன்று வந்தது. நெடுநேரம் கழித்து இன்னொரு பலகை வந்தது. அதிலும் பதினெட்டு.

தூங்கக் கூடாது. தொடையைக் கிள்ளிக்கொண்டாள். தம்பியின் நிச்சயத்துக்கு எடுத்த புடவையின் நிறத்தை வாய்விட்டுச் சொன்னாள். வாடாமல்லி. சுவாதிக்குப் பட்டுப்பாவாடை, கிளிப்பச்சை. பேசிக்கொண்டே வா என்று அவன் சொன்னானே. பேசினாள். வீட்டு விலாசம் சொன்னாள். தன் பெயரைச் சொன்னாள். பிரேம்குமார் அவளை வினோதமாகப் பார்ப்பது ஓரக்கண்ணில் தெரிந்தது. பரவாயில்லை. சாலையின் வெள்ளைக் கோடுகள் வந்துகொண்டே இருந்தன. ஒன்று. அடுத்தது. அடுத்தது. டயரின் சத்தம். ஒரே சுருதி. அடுத்தது. அரளி. அடுத்தது.

கண்ணை மூடவேயில்லை. அதை அவள் சத்தியம் செய்து சொல்வாள்.

மடி கனத்தது.

குனிந்து பார்த்தாள். சுவாதியின் தலை தன் மடியில் இருந்தது. தன் கை சுவாதியின் முடியைக் கோதிக்கொண்டிருந்தது. கைக்கு எதிரே ஸ்டியரிங் இல்லை. முன்சீட்டின் முதுகு இருந்தது.

நிமிர்ந்தாள்.

கார் சீராக ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டுபவளின் பின்னங்கழுத்து தெரிந்தது. படிய வாரிய தலை. தோளில் வினோதினியின் நீலத் துப்பட்டா.

“தூக்கம் வருதா வினோ? ஓரம்கட்டி நிறுத்திக்கலாமா?” என்று பிரேம்குமார் ஓட்டுபவளிடம் கேட்டான்.

“இல்லைங்க. இப்பதான் தெளிஞ்ச மாதிரி இருக்கு.”

வினோதினியின் குரல். அச்சாக அவள் குரல். வாய்தான் வேறு.

ஏங்க, இங்க பாருங்க, நான் இங்க இருக்கேன் என்று கத்த வாயைத் திறந்தாள். தொண்டையெல்லாம் தூசி. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. உள்ளே கத்தியது ஒன்று, வெளியே வந்தது வேறொன்று.

“பெரம்பலூர்ல எறக்கி விட்ருங்க சார். புண்ணியமாப் போவும்.”

பிரேம்குமார் திரும்பிப் பார்த்தான். பத்து வருடமாக அவள் முகத்தைப் பார்த்த அதே கண்கள். அதில் ஒன்றுமே அசையவில்லை. முன்பின் தெரியாதவர்களிடம் காட்டுகிற மரியாதையோடு தலையாட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டான்.

சத்தத்தில் சுவாதி விழித்துக்கொண்டாள். தலையைத் தூக்கி வினோதினியைப் பார்த்தாள். மூக்கைச் சுளித்தாள்.

சுவாதிக்குத் தெரியும். குழந்தைக்குத் தெரியாமல் இருக்காது. வினோதினி அவள் கையைப் பிடித்தாள். பேசப் பயந்து, கன்னத்தைத் தொட்டாள், காதோரத்து மச்சத்தைத் தடவினாள், வீட்டில் எழுப்பும்போது செய்வது போல நெற்றியோடு நெற்றி முட்டினாள். தொட்ட இடமெல்லாம் வெள்ளையாகத் தூசி அப்பியது.

சுவாதி உடம்பைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். உதடு பிதுங்கியது.

“அம்மா,” என்று முன்சீட்டைப் பார்த்துக் கூப்பிட்டாள். “இந்த ஆன்ட்டி என்னைத் தொடுறாங்க.”

“அழாதடா தங்கம். ஆன்ட்டி இப்ப எறங்கிடுவாங்க.”

கார் வேகம் குறைந்தது. வெளியே கடை இல்லை. விளக்கு இல்லை. இருட்டில் மக்காச்சோளத் தட்டை மட்டும் உரசிக்கொண்டிருந்தது. இறங்கக் கூடாது. கதவின் பிடியைக் கெட்டியாகப் பற்றிக்கொண்டாள். கால்களை முன்சீட்டுக்கு அடியில் திணித்துக்கொண்டாள். என்ன ஆனாலும் இறங்கக் கூடாது. கண்ணாடியில் அந்தக் கண்கள் அவளைப் பார்த்தன. கோபமில்லை. இரக்கம்கூட இருந்தது. டயரின் சத்தம். ஒரே சுருதி. பிடியை விடக் கூடாது. வெள்ளைக் கோடு. விடக் கூடாது. அடுத்தது.

காலடியில் சூடு.

தார். செருப்பில்லாத பாதம். பகலின் வெயில் இன்னும் அதில் மிச்சமிருந்தது.

சாலையோரத்தில் நின்றுகொண்டிருந்தாள். எதிரே கார் நகர ஆரம்பித்திருந்தது. அவர்களுடைய கார். அவள் நின்ற பக்கத்துக் கண்ணாடி இறங்கியிருக்க, பிரேம்குமார் கட்டுப்போடாத கையை நீட்டி, பார்த்துப் போங்கம்மா என்றான். ஓடினாள். கால்கள் ஓடவில்லை. பின்கண்ணாடியில் சுவாதியின் முகம் ஒட்டியிருந்தது. பயம் தெளிந்துவிட்டது போல. கை தூக்கி, வழியில் பார்க்கிற யாருக்கும் காட்டுவது போல, டாட்டா காட்டினாள். சிவப்பு விளக்குகள் சிறுத்தன. இரண்டு புள்ளியாயின. ஒரு புள்ளியாயின.

பிறகு இருட்டு.

கத்தினாள். தூசிதான் வந்தது.

வெகுநேரம் கழித்து, அல்லது உடனேயே, பின்னால் ஒரு லாரி வரும் சத்தம் கேட்டது. நிறுத்த வேண்டும். எப்படியாவது நிறுத்திவிட வேண்டும். கையைத் தூக்கினாள். லாரியின் வெளிச்சம் அவள் முதுகில் விழுந்து, அவளைத் தாண்டிச் சாலையோரத்தில் நீளமாகப் படர்ந்தது.

அவளுக்கு முன்னால் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.

பேன்ட் சட்டையில் ஆபீஸ் போகிற ஒருவன். காக்கிச் சட்டைக்காரன். பட்டுப்புடவை கட்டிய பெண். கழுத்தில் கேமரா மாட்டிய இளைஞன். அவர்களுக்கு அப்பால் இன்னும். வெளிச்சம் எட்டுகிற தூரம் வரை ஒருவர் பின் ஒருவராக, நெருக்கமாக, முகமெல்லாம் வெள்ளையாக. சிலர் கை தூக்கியிருந்தார்கள். மற்றவர்களின் இரண்டு கைகளும் நெஞ்சுக்கு நேரே நீண்டு, இல்லாத ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, சாலையோடு சேர்ந்து மெல்ல மெல்ல அசைந்துகொண்டிருந்தன.

லாரி நிற்காமல் போனது. அதன் கடைசி வெளிச்சத்தில், பட்டுப்புடவைக்காரி வினோதினியைத் திரும்பிப் பார்த்து, ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு நகர்ந்து இடம் விட்டாள்.