திருப்பிப் போட்ட மூலக்கூறு

"பத்து மணிக்கு என்னை வெளியே அனுப்பப் போறாங்க சார். ஆறு வருஷ உழைப்பு!" என்றபடி ஜ்டேனா இரண்டு படங்களை மேசைமேல் வைத்தாள்.

பிர்னோ நகரில் வேதியியல் ஆய்வு செய்பவள் அவள். புதிதாக ஒரு மூலக்கூறைத் தயாரித்து, அதன் முப்பரிமாண வடிவத்தை வரைந்திருந்தாள். நம்மை நோக்கி நீளும் பிணைப்புக்குக் கறுப்பு ஆப்பு. பின்னால் போகும் பிணைப்புக்குக் கீற்றுக் கோடு. அதே மூலக்கூறைப் பேராசிரியர் கிராட்டினா தன் பெயரில் பத்திரிகைக்கு அனுப்பிவிட்டு, ஜ்டேனாதான் தன்னிடமிருந்து திருடிவிட்டாள் என்று டீனிடம் புகாரும் கொடுத்திருந்தார். மேசைமேல் இருந்த படங்களில் ஒன்று அவளுடையது, மற்றது அவருடையது.

காப்புரிமைத் திருட்டுகளைத் துப்பறியும் ஹவ்ரான் படங்களைக் குனிந்து பார்த்தார். அவருடைய உதவியாளர் லுட்மிலா அவரை முந்திக்கொண்டாள்.

"ஒண்ணு இன்னொண்ணோட கண்ணாடி பிம்பம் சார்! யாரோ ட்ரேசிங் தாளைத் திருப்பிப் போட்டு மை போட்டிருக்காங்க. யாரு?"

"கிளம்பு, பேராசிரியரையே கேட்டுடுவோம்," என்றார் ஹவ்ரான். கண்டுபிடிக்கப்போவது யாரை என்பதில் அவருக்குச் சந்தேகம் இருந்ததாகத் தெரியவில்லை.

மூவரும் டீன் அறைக்குள் நுழைந்தபோது, டீன் எதிரே கிராட்டினா காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"இந்தப் பொண்ணுக்குப் பேனா பிடிக்கக் கத்துக்கொடுத்ததே நான். திருட்டு தெரியக்கூடாதுன்னு என் படத்தைத் திருப்பிப் போட்டு இழுத்திருக்கா."

"உங்க படம் சரிதானே?" என்று கேட்டார் ஹவ்ரான்.

"ஒவ்வொரு கோடும்!"

"எதிலிருந்து தயாரிச்சீங்க?"

"புதினா எண்ணெயில எடுத்த மெந்தால். கட்டுரையோட முதல் வரியே அதுதான். படிக்கத் தெரியும்ல?"

"கொஞ்சம் தெரியும். அந்த மெந்தாலை இங்கே வரைஞ்சு காட்டுங்களேன்."

கிராட்டினா சிரித்துக்கொண்டே அரை நிமிடத்தில் வரைந்து தள்ளினார். சரியான படம்.

"பிரமாதம்," என்றார் ஹவ்ரான். "தாளைத் திருப்பினா, முன்னால இருந்தது பின்னால போயிடும். ஆப்பைக் கீற்றா, கீற்றை ஆப்பா மாத்தணும். மாத்தாம விட்டா வலது கை இடது கை ஆயிடும், வேற பொருள். முதல் வருஷப் பசங்களுக்கே தெரியும். மெந்தால்ல இப்படிக் கை மாறக்கூடிய மூலை மூணு. தயாரிப்புல அதை நீங்க ரெண்டு பேரும் தொடவே இல்லை. ஜ்டேனா படத்துல மூணும் மெந்தால்ல இருக்கிற மாதிரியே இருக்கு. உங்க படத்துல மூணும் நேர்மாறு."

"கை தவறியிருக்கும்..."

"ஒரு மூலைன்னா கை தவறினது. மூணும்னா? மெந்தாலைத் தூக்கத்துல எழுப்பினாலும் சரியா வரையறீங்க. சொந்தமா வரைஞ்சிருந்தா இது வந்திருக்காது. திருடறதுக்குக்கூட ஒரு தடவை பார்க்கணும் சார். நீங்க அதையும் செய்யலை."

டீன் வெளியேற்ற ஆணையை எடுத்து நான்காகக் கிழித்தார்.

"உங்க படத்தை உங்க பேர்லயே அனுப்புங்கம்மா," என்றார். "அவர் கட்டுரையைத் திருப்பி வாங்கிடறேன்."

ஜ்டேனா முதன்முறையாகப் பேராசிரியரை நேராகப் பார்த்தாள்.

"எதுக்கு சார்? அது அச்சாகட்டும். அவர் வரைஞ்ச பொருளை நான் தயாரிக்கவே இல்லை. அது முழுக்க முழுக்க அவருடையதுதான்."