பசை அட்டை

எலியென்றால் சுவரை ஒட்டித்தான் போகும். இது நடு நிலத்தால் நடந்திருக்கிறது.

சர்மிலா அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. கதிரவெளிக் கடற்கரையில் புதிதாகக் கட்டிய ஹோட்டலின் களஞ்சிய அறையில் முழங்காலிட்டு, டோர்ச்சைத் தரையோடு சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். யன்னல் இல்லாத அறை. மா, சீனி, கருவாடு எல்லாம் கலந்த வாசத்துக்கு அடியில், எவ்வளவு கழுவியும் போகாத ஓர் உப்புச் சேற்று மணம் கிடந்தது.

"என்ன தங்கச்சி, எலி எப்பிடி?" களஞ்சியப் பொறுப்பாளர் பதியுதீன் வாசலில் நின்று கேட்டார். "அரிசிய மணந்தும் பாக்கிதில்ல. கிரீம் பிஸ்கட்தான் வேணுமாம். ஹோட்டல் எலியெல்லவா!"

"புழுக்கை ஒண்டையும் காணல்ல, நானா."

"அப்ப படிச்ச எலிதான். கக்கூசுக்குப் போகுது போல."

அவள் சிரித்தாள். கையில் இருந்த பிஸ்கட் பைக்கற்றை மட்டும் அவருக்குக் காட்டவில்லை. அதை எதுவும் கடிக்கவில்லை. சிவப்பு நூலைப் பிடித்து இழுத்துத் திறந்திருந்தது. அடித்தட்டில் இருந்தவை மட்டுமே திறந்திருந்தன. மேல்தட்டுக்கு எட்டவில்லை.

மட்டக்களப்பில், கட்டடங்களில் எலி, பூச்சி கட்டுப்படுத்தும் கம்பனியில் வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்கு முதலில் சொல்லித்தந்தது இதுதான்: எடுத்தவுடனே நஞ்சு வைக்கக் கூடாது. எது வருகிறது, எதைத் தேடி வருகிறது, எந்த வழியால் வருகிறது என்று பார்க்க வேண்டும். பிறகு அந்த வழியை அடைக்க வேண்டும்.

வழி தெரிந்தது. கடல்பக்க இரும்புக் கதவுக்குக் கீழே மண் அரித்து, கை நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தது.

எது வருகிறதென்று அறிய, சுவரோரம் எங்கும் பசை அட்டைகளை விரித்தாள். கொஞ்சம் யோசித்து, ஒன்றை நடு நிலத்திலும் வைத்தாள்.

அவள் வீடு இந்த மண்ணில்தான் இருந்தது. அதைக் கம்பனியிலும் சொல்லவில்லை, பதியுதீனிடமும் சொல்லவில்லை. சுனாமி வந்த காலையில் அவளுடைய நாலு வயது மகன் நிலோஜன் குசினி வாசலில் குந்திக்கொண்டிருந்தான். உடம்பு கிடைக்கவில்லை. பிறகு சண்டை வந்து ஊரே எழும்பி ஓடியது. எல்லாம் ஓய்ந்து திரும்பி வந்தபோது காணியைச் சுற்றி வேலி போட்டிருந்தார்கள். தேடுவதற்கென்று இருந்த ஒரே இடமும் போயிற்று. அதற்குப் பிறகு அவளுடைய துக்கம் சீருடை போட்டு வேலைக்குப் போகப் பழகிக்கொண்டது. ஆட்களோடு சிரிக்கவும் பழகியது.

மறுநாள் காலை அவள் வந்தபோது கரண்ட் இல்லை. பதியுதீன் திறப்போடு நின்றார்.

"ராவு காவல்காரனுக்கு நித்திரையே இல்லையாம். பூனையொண்டு உள்ளுக்க நிண்டு விடிய விடியக் கத்தினதாம்."

"திறந்து பாக்கல்லையா?"

"திறந்தவனாம். ஒண்டுமில்ல. பூட்டினவுடன திரும்பவும் கத்தினதாம். எனக்கெண்டா இந்த அறைக்குள்ள வரவே விருப்பமில்ல, புள்ள. நீங்க போங்க."

அவள் தனியே போனாள்.

உப்பு மணம் முகத்தில் அறைந்தது. தரை ஈரமாக இருந்தது. சுவரோர அட்டைகளில் இரண்டொரு கரப்பான் மட்டும் ஒட்டிக் கிடந்தன. நடு அட்டை இருந்த இடத்தில் இல்லை. கதவுப் பக்கமாக இழுபட்டுக் கிடந்தது.

டோர்ச்சைத் தாழ்த்தினாள்.

பசையில் ஒரு சின்னப் பாதம் பதிந்திருந்தது.

சுண்டுவிரல் பக்கத்து விரலின்மேல் ஏறியிருந்தது. குளிப்பாட்டும்போதெல்லாம் அவள் பிடித்துப் பிடித்து நேராக்கப் பார்த்த விரல்.

பாதத்துக்கு இரண்டு பக்கமும் உள்ளங்கைகள். ஊன்றி, காலை இழுத்திருக்கிறான். பசை நூல் நூலாக நீண்டு அறுந்திருந்தது. கைகள் பதிந்த இடத்துக்கு மேல் கைகள், அதற்கு மேலும் கைகள்.

விடிய விடிய.

ஓடிப்போய்க் கடல்பக்கக் கதவைத் திறந்தாள். வெளியே வெயில். மணலில் காற்று கீறிய கோடுகள் மட்டும். கதவைச் சாத்தினாள்.

சாத்தியதும், கீழே அந்த இடைவெளியில், யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

"என்ன புடிபட்ட?" பதியுதீன் வாசலில் இருந்து கூப்பிட்டார்.

அட்டையை மடித்துக்கொண்டாள். "பூனைதான். கழண்டு போயிட்டு." "நானா, அந்தத் தேங்காயெண்ணெய்ப் போத்தல எடுக்கட்டா?"

"எதுக்கு?"

"பசை கழரவேணும். எண்ணெய் போட்டாத்தான் கழரும்."

"எடுங்க. நான் அந்தக் கதவடி ஓட்டைய அடைக்கச் சீமெந்து குழைச்சாச்சா எண்டு பாத்திட்டு வாறன்."

அவர் போனார். கதவடியில் ஈரத் தரையில் குப்புறப் படுத்து, உள்ளங்கையில் எண்ணெயை ஊற்றி, இடைவெளிக்குள் கையை நீட்டினாள்.

"மனே," என்றாள். "அம்மாட கையில கால வை."

ஒன்றும் இல்லை. கடல் இரைந்தது.

பிறகு அவளுடைய கையில் ஒரு குதிகால் வந்து நின்றது. குளிர்ந்து, ஊறி, மணல் ஒட்டி. பசை பட்ட தோல் பிசுபிசுத்தது. அவள் ஒவ்வொரு விரலாக எண்ணெய் தடவினாள். கால் நடுங்கியது. நோகிறது.

சீமெந்து வாளி தரையில் உராயும் சத்தம்.

"எலுவா, ஏன் நிலத்தில படுத்துக் கிடக்கிறீங்க?" பதியுதீன் அறை வாசலிலேயே நின்றுவிட்டார். "எழும்புங்க தங்கச்சி. மத்தியானம் சுகாதாரப் பரிசோதகர் வாறார். அந்த ஓட்டைய அடைச்சிட்டா அலுவல் முடிஞ்சுது."

அவள் மற்றக் கையால் எண்ணெய்ப் போத்தலைக் கிட்ட இழுத்தாள்.

"அடைக்காட்டி மனேஜர் உங்கட கம்பனியையே நிப்பாட்டிருவார். மறுகா உங்கள ஆரு வேலைக்கு வெச்சிருப்பாங்க? கொஞ்சம் யோசிங்க புள்ள."

கதவுக்கு அப்பால் மற்றக் காலும் மெல்ல வந்து அவளுடைய கையில் ஏறி நின்றது.

"இல்ல, நானா," என்றாள் அவள், கையை எடுக்காமல். "நான் அடைக்கமாட்டன்."