ஒட்டவைத்த கூஜா

கூஜாவில் தண்ணீர் இருந்தது.

வெர்டீன் அதில் தண்ணீர் ஊற்றவே இல்லை. மதியம் துணியால் துடைத்து, நாளைய கண்காட்சிக்காகச் சமையலறை மேசைமேல் வைத்தபோது அது காய்ந்துதான் இருந்தது. இப்போது மழை பிடித்துக்கொண்டு, சன்னலுக்கு அப்பால் சதுப்பு நிலம் சாம்பல் பூத்துக் கிடக்கும் அந்தி வேளையில், வெள்ளைப் பீங்கான் கூஜாவின் வாய் வரை தண்ணீர் தளும்பி நின்றது. கடல் நீர் வடிந்தபின் எழும் சேற்று வாடை அதிலிருந்து வந்தது.

கூரை ஒழுகியிருக்கும். அண்ணாந்து பார்த்தாள். ஒரு ஈரப்பொட்டுகூட இல்லை.

தண்ணீரைத் தொட்டியில் கொட்டினாள். கூஜாவின் அடியைத் தடவிய விரல், அவள் பசை போட்டு ஒட்டிய வளைகோட்டில் வந்து நின்றது.

அது ஐஷமின் கூஜா. அவள் குலத்தின் மூதாதை. அடிமையாகப் பிறந்து, உள்நாட்டுப் போர் முடிந்து விடுதலை வந்ததும் முப்பது வயதுக்கு மேல் எழுத்துக்கூட்டிப் படித்து, இந்தத் தீவில் நிலம் வாங்கி, பள்ளிக்கூடம் கட்டி, சட்டசபை வரை போனவர். அடுத்த தேர்தலில் முகமூடி போட்ட வெள்ளைக்காரக் குதிரைக்காரர்கள் அவரைச் சுட்டுச் சதுப்போரம் போட்டார்கள். இரவெல்லாம் தண்ணீர் கேட்டாராம். கூஜாவோடு ஓடிய மனைவியை அவர்கள் கிட்டே விடவில்லை. விடியுமுன் உயிர் போனது. புதைத்த பின் அவள் அந்தத் தண்ணீரைச் சமாதியில் ஊற்றி, கூஜாவின் அடியைக் கல்லால் தட்டி உடைத்து, அங்கேயே வைத்தாள்.

விடுதலைக்குப் பிறகு தம் மக்கள் எழுந்து நின்ற அந்தச் சில ஆண்டுகளைப் பற்றித்தான் வெர்டீனின் ஆராய்ச்சி. வெளியாட்களை விடாத அந்தக் கல்லறைத் தோட்டத்துக்குள், நம்ம வீட்டுப் பெண்தானே என்று அவளைத் தனியே விட்டார்கள். அவள் கூஜாவைச் சால்வைக்குள் வைத்து எடுத்து வந்தாள். உடைந்த அடித்துண்டையும் சேர்த்து.

வாசல் கதவு தடாலென்று திறந்தது. தம்பி லெமுவல், சிப்பி எடுத்த கையோடு, சொட்டச் சொட்ட நின்றான்.

"அடேயப்பா! புரொபசரம்மா பாத்திரம் கழுவுறாங்க. அதான் இந்தக் கொட்டு கொட்டுது."

"வாயை மூடிக்கிட்டு பூட்ஸைக் கழட்டுடா. தரையெல்லாம் சேறு."

"அது என்னக்கா, புதுசா?"

"டவுன்ல வாங்கினேன். பழைய சாமான் கடையில." பொய் வழுக்கிக்கொண்டு வந்தது.

"நல்லவேளை. எவன் சமாதியிலேருந்தோ வந்த மாதிரி இருக்கேன்னு பாத்தேன். அம்மா சமாதியில நான் டீ கப்பை உடைச்சப்ப, நல்ல கப்பை ஏன்டா உடைக்கிறேன்னு அழுதியே."

"உடைச்சாதானே கட்டு அறும்," என்றாள் மெதுவாக.

"ஆமா. இல்லேன்னா போனவங்க தனியாவா போவாங்க? குடும்பத்தையே ஒவ்வொருத்தரா கூப்பிட்டுக்குவாங்க." அவன் தொண்டையைத் தடவினான். "குடிக்க ஏதாவது குடேன். காலையிலேருந்து தொண்டை வறண்டு போவுது."

அவள் கை அப்படியே நின்றது.

யூலா சித்தியும் இப்படித்தான். வசந்தத்தில், சாகும் முன், குடம் குடமாய்க் குடித்தும் தாகம் தீரவில்லை என்று அழுதாள். பிறகு சித்தி மகன் ஆல்டன். குழாயில் வாய் வைத்தபடியே செத்துக் கிடந்தான். இரண்டும் வெர்டீன் கூஜாவை ஒட்டிய பிறகு. சர்க்கரை வியாதி என்றாள் எல்லோரிடமும். தன்னிடமும்.

சொல்லிவிடு. இப்போதே சொல்.

நாளைக்கு அரங்கம் நிறைந்திருக்கும். நடுவில், கண்ணாடிப் பெட்டிக்குள், இந்தக் கூஜா.

"பிரிட்ஜ்ல ஐஸ் டீ இருக்கு," என்றாள்.

"படகைக் கட்டிட்டு வந்துடறேன்."

கதவு சாத்தியதும் அவள் கூஜாவை இரண்டு கையாலும் தூக்கித் தரையில் அடித்தாள். பலகை அதிர்ந்தது. கூஜா உருண்டு போய் நிமிர்ந்து நின்றது. இரும்பு வாணலியால் ஓங்கி அடித்தாள். வாணலியின் பிடி கழன்றது. பீங்கானில் கீறல்கூட இல்லை. ஒட்டிய கோட்டைத் தேடினாள். அடி வழுவழுவென்றிருந்தது. உடைந்ததே இல்லை என்பதுபோல.

கொட்டகையில் கோடரி இருக்கிறது. மழையில் ஓடினாள். செத்தவர் தாண்டக்கூடாதென்று வாசல் நிலைக்கு அப்பா அடித்த நீல வர்ணம் இருட்டில் மங்கலாகத் தெரிந்தது. அது தண்ணீர் என்று அவர்கள் ஏமாந்து நின்றுவிடுவார்களாம். தாண்ட வேண்டிய அவசியமே இல்லை. கையில் எடுத்து உள்ளே கொண்டுவந்தவள் அவள்தான்.

கோடரியோடு திரும்பினாள். சமையலறையில் விளக்கு எரிந்தது.

"லெமுவல்?"

மடக் மடக்கென்று விழுங்கும் சத்தம்.

நிற்காத சத்தம்.

அவன் மேசை முன் உட்கார்ந்து கூஜாவை வாயில் கவிழ்த்திருந்தான். தண்ணீர் தாடையில் வழிந்து, சட்டையில் வழிந்து, தரையில் ஓடியது. கூஜா குறையவில்லை.

"குடிக்காதடா! அது கடையில வாங்கினதில்ல!"

அவன் கூஜாவை இறக்கினான். உதடுகள் வெடித்து வெளுத்திருந்தன. சிரித்தான்.

"தெரியும்க்கா. இப்பதான் சொன்னாங்க."

காலியாயிருக்க வேண்டிய நாற்காலிகள் எல்லாம் மேசையைவிட்டுப் பின்னால் இழுக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றின் இருக்கையிலிருந்தும் சேற்று நீர் சொட்டியது. ஒரு நாற்காலி மட்டும் காய்ந்திருந்தது.

கூஜா மேசைமேல் தானாக நகர்ந்து, அந்த நாற்காலிக்கு நேரே வந்து நின்றது.

வெர்டீனின் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. தாகமாக இருந்தது.