கோதுமைக் கதிர்களுக்கு நடுவே

திரையில் இருந்த முகம் நேற்று வாயை மூடியிருந்தது. இன்று காலை உதடுகள் லேசாகப் பிரிந்திருந்தன.

பிஸ்கட் கம்பெனிக்கான லோகோ அது. எதிரெதிராக வளைந்த இரண்டு கோதுமைக் கதிர்கள். உற்றுப் பார்த்தால்தான் நடுவில் விட்ட வெள்ளை இடம் ஒரு பெண்ணின் பக்கவாட்டு முகம் என்று பிடிபடும். லோகோ வரைவதுதான் அவன் தொழில்; இப்படி ஒளித்து வைப்பதில்தான் அவனுக்குப் பேரே. ஆனால் முகங்களைக் கற்பனையில் வரைகிற பொறுமையெல்லாம் அவனுக்குக் கிடையாது. கைக்கு அகப்பட்ட புகைப்படத்தின் மேல் கோடு ஓட்டிவிடுவான். இந்தமுறை அகப்பட்டது மனைவியின் படம். அவளிடம் கேட்கவில்லை. கட்டியவளிடம் இதற்கெல்லாமா அனுமதி கேட்பார்கள்!

மாடியறையில் மின்விசிறி கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. சூடேறிய கம்ப்யூட்டரின் பிளாஸ்டிக் வாசனையோடு, கீழே அவள் பாத்திரம் கழுவும் சோப்பு வாசனையும் படியேறி வந்தது. உதடுகளை நாம்தான் தூக்கக் கலக்கத்தில் மாற்றியிருப்போம் என்று மனதைத் தேற்றிக்கொண்டபோது கம்பெனி மேலாளர் அழைத்தார்.

"பிரமாதம் சார். அந்தக் காது மட்டும் கறை மாதிரி தெரியுது. எடுத்துட்டு உடனே அனுப்புங்க."

காதுக்கென்று போட்டிருந்த கறுப்பு வளைவை அழித்தான். அனுப்பினான்.

கீழே பாத்திரங்கள் சரிந்தன. ஒரு அலறல்.

நாலு நாலு படியாகத் தாவி இறங்கினான். அடுப்படித் தரையில் அவள் உட்கார்ந்திருந்தாள். தலையின் ஒரு பக்கத்தைப் பொத்திய விரல்களுக்கு இடையில் ரத்தம் கொப்பளித்தது.

"ஏங்க... என் காதுங்க... காதக் காணோங்க..."

தரையில் கத்தியில்லை. காதும் இல்லை. துண்டை மடித்து அவள் கையோடு சேர்த்து அழுத்தினான். ஆம்புலன்ஸுக்குச் சொன்னான். பத்து நிமிடமாகும் என்றார்கள்.

"பயப்படாதம்மா, நான் இருக்கேன்ல. அழுத்திப் பிடிச்சுக்கோ, இதோ வந்துடுறேன்."

மாடிக்கு ஓடினான். பைத்தியக்காரத்தனம் என்று தெரிந்தும் அழித்ததைத் திரும்பக் கொண்டுவந்தான். திரையில் காது வந்துவிட்டது. கீழே அவள் முனகல் நிற்கவில்லை. எட்டிப் பார்த்தான். துண்டு முழுக்கச் சிவந்திருந்தது. வெட்டினால் வெட்டினதுதான், ஒட்டாது. ஐயோ, அந்தக் கோட்டை இனி எவனும் தொட்டுவிடக் கூடாதே!

மேலாளரைப் போனில் பிடித்தான்.

"சார், அந்த லோகோ வேண்டாம். அழிச்சு... இல்ல, அழிக்காதீங்க! தொடாதீங்க!"

"என்ன சார் விளையாடுறீங்களா? அது அப்பவே அட்டைப்பெட்டி பிரஸ்ஸுக்குப் போயிடுச்சே. நடுவுல இருக்கற வெள்ளை இடத்த அப்படியே ஜன்னலா வெட்டிடப் போறோம். உள்ள இருக்கற பிஸ்கட் தெரியும்ல! அம்பது சாம்பிள் இப்பவே போடச் சொல்லிட்டேன்."

பிரஸ் எண்ணை வாங்கி அழைத்தான். கால்கள் தாமாகவே கீழே இறங்கின.

"நிறுத்துங்க! வெட்டாதீங்க!"

"சார், மெஷின் சத்தத்துல ஒண்ணும் கேக்கல," என்றார் வெட்டு மெஷின்காரர். "ஒரு நிமிஷம், கத்தி இறங்கிடுச்சு. லைன்லயே இருங்க."

போனை மேசைமேல் வைக்கும் ஒலி. பிறகு, கிர்ர்ர்.

அவள் நெற்றியில் ஒரு சிவப்புப் புள்ளி தோன்றியது.

"யோவ்! என் பொண்டாட்டிய்யா அது! நிறுத்துய்யா!"

கிர்ர்ர். புள்ளி கோடானது. மூக்கின் மேல் இறங்கியது. அவன் போனைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கைகளாலும் அவள் முகத்தை அழுத்திப் பிடித்தான். விரல்களுக்குக் கீழே தோல் பிரிந்தது. எலும்பு நறநறத்தது. கோடு உதட்டைத் தாண்டியது.

"ஏங்..."

தாடை. கழுத்து. காதில்லாத பக்கமாக மேலே. மறுபடி நெற்றி.

மெஷின் நின்றது.

அவன் உள்ளங்கைகளில் ஏதோ கனமாக, வெதுவெதுப்பாக வந்து விழுந்தது. குனிந்து பார்க்கத் துணிவில்லை. நிமிர்ந்தான். முகம் இருந்த இடத்தின் வழியாக, பின்னாலிருந்த அடுப்படிச் சுவர் தெரிந்தது.

அவள் விழவில்லை.

"கன கச்சிதமா வந்திருக்கு சார்," என்றது தரையில் கிடந்த போன். "இன்னும் நாப்பத்தொம்பது இருக்கு."

கிர்ர்ர்.

துளையின் ஓரம் அதிர்ந்தது. அவள் உடல் துள்ளியது. ரத்தம் வழிந்த கைகள் அவனைத் தேடித் தடவியபடி நீண்டன. அவன் முகத்தைக் கண்டுபிடித்ததும், இரண்டு பக்கமும் இறுகப் பற்றிக்கொண்டன.