தட்டில் வடிந்த ஊதா

காலை ஏழேகால். ஆய்வுகூடக் கதவைத் திறந்த ஸலாஹுதீன் சேர் வாசலிலேயே நின்றுவிட்டார். ஜன்னலோரத்தில், இலையின் அடிப்புறம் ஊதாவான றியோச் செடிகள் அத்தனையும் வேகவைத்த கீரைபோலத் துவண்டு கிடந்தன. இலைகளில் மாவுபோல வெள்ளை உப்பு. தொட்டிகளுக்குக் கீழே தட்டுகளில் ஊதாத் தண்ணீர்.

“உப்பன்ட வேலதான் சேர்!” பின்னால் வந்த பையன்கள் கத்தினார்கள்.

அஃப்ராஸின் வாப்பா பாலாவி உப்பளத்தில் வேலை செய்பவர். அதனால் வகுப்பில் அவனுக்கு ‘உப்பன்’ என்றே பெயர். போன கிழமை விஞ்ஞானப் போட்டியில் அவன் மாணவத் தலைவி ஸபீனாவைத் தோற்கடித்திருந்தான். நேற்று அவள் எல்லோர் முன்னாலும் அப்படிக் கூப்பிட, “உங்கட செடியெல்லாம் கருகிப் போகும்” என்று கத்திவிட்டு ஓடினான். செடிகளை வளர்த்தவள் ஸபீனா. இப்போது தேம்பித் தேம்பி அழுதாள்.

மணி அடிக்குமுன் பையன்கள் அவனை மடக்கி, தொட்டி உப்பை வழித்து அவன் வாயில் திணித்தார்கள். “தின்னுடா, ஒங்கட வீட்டுச் சாமான்தானே!” அதிபர் ஆய்வுகூட மேசையிலேயே, அவனைப் பள்ளியை விட்டு அனுப்பும் விடுகைப் பத்திரம் எழுத உட்கார்ந்தார்.

ஸபீனாவின் தங்கை ஷிம்லா தட்டுகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். சொல்லாவிட்டால் அஃப்ராஸுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. சொன்னால்?

வாசலோரத்து றியோவில் ஓர் இலையைப் பறித்து வந்தாள். இரண்டு சோதனைக் குழாய்களில் ஒரு துண்டை உப்புத் தண்ணீரிலும் ஒரு துண்டைச் சுடுதண்ணீரிலும் போட்டாள்.

“என்ன புள்ள, சமையலா?” அதிபர் சிரித்தார்.

“பாருங்க சேர்.”

உப்புக் குழாய் தெளிவாகவே இருந்தது. சுடுதண்ணீர் ஊதாவானது.

“உப்புப் பட்டா கலத்துக்குள்ள இருக்கிற தண்ணிதான் வெளியே போகும்,” என்றாள் ஷிம்லா. “ஊதாவக் கலத்தச் சுத்தியிருக்கிற மென்சவ்வு வெளிய விடாது. சூட்டுல மென்சவ்வு செத்தாத்தான் ஊதா வடியும். தட்டுல வடிஞ்சிருக்கு. செடியக் கொன்டது கொதிதண்ணி.”

“அப்ப உப்பு?” என்றார் அதிபர்.

“அஃப்ராஸ் மேல பழியப் போட. ஆனா சேர், அளத்து உப்பு கல்லுக்கல்லா, மங்கலா இருக்கும். அவன்ட வீட்டுல அதத்தான் தின்றாங்க. இது தூள். அளத்துப் பக்கமே போகாத ஆள் போட்டது. அலுமாரிக் கண்ணாடி வழியாப் பாருங்க.”

அலுமாரியில் நேற்று நிறைந்திருந்த உப்புப் போத்தல் காலி. பக்கத்தில் தண்ணீர் கொதிக்கவைக்கும் மதுசார விளக்கு, திரி கருகியபடி.

“பூட்டு உடையல்லயே,” என்றார் ஸலாஹுதீன் சேர். “திறப்பு ஒண்டுதான். அது...”

எல்லோரும் ஸபீனாவின் கழுத்துப் பட்டியைப் பார்த்தார்கள். அலுமாரிச் சாவி, அந்த ஒரே திறப்பு, அதில்தான் தொங்கியது.

“ராத்தாதான் சேர்,” என்றாள் ஷிம்லா, அக்காவைப் பார்க்காமல். “அவதான் செஞ்ச.”

ஸபீனாவின் அழுகை சட்டென்று நின்றது. “உப்புக்காரன்ட மகனுக்குக் கீழ நான் ரெண்டாவதா?” என்றாள், அவ்வளவுதான்.

அதிபர் பத்திரத்தைக் கிழித்தார். வெளியே அஃப்ராஸ் குழாயடியில் வாயைக் கொப்பளித்துக் கொப்பளித்துத் துப்பிக்கொண்டிருந்தான். அவனிடம் மன்னிப்புக் கேட்க ஒருத்தரும் போகவில்லை.

ஸபீனா திறப்பைக் கழற்றி மேசையில் வைத்தாள். கண்ணைத் துடைத்தாள். போகிற போக்கில் தங்கையின் காதருகே குனிந்து, அன்பாகத்தான் சொன்னாள்:

“இரவைக்கு என்ட பக்கத்துலதானே படுக்கோணும், ஷிம்லா?”