இடப்பக்கம் ஒரே ஒரு வரி

எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தில் எந்த ரகசியமும் ஒரு நாளைக்கு மேல் தாங்காது. மூன்றாம் மாடி மட்டும்தான் எங்களைப் பட்டினி போட்டது. அங்கே இருப்பவர் கடற்படை உளவுப் பிரிவின் பெண் அதிகாரி. பதினெட்டு வருட வேலை. "ஆபீஸ்ல என்ன விசேஷம்?" என்று கேட்டால், "காபி ஆறிப்போச்சு" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பெயராது.

அவருடைய பத்து வயது மகளை நாங்கள் கண்ணாடிக்காரி என்போம். வெள்ளிக்கிழமை அவள் வகுப்பில் அம்மா தன் வேலையைப் பற்றிப் பேசுவதாக ஏற்பாடு.

அந்த நேரம் பார்த்து நாங்கள் ஒன்றைக் கவனித்தோம். மூன்று வாரமாக மொட்டைமாடிக் கொடியில் வெள்ளைச் சீருடை காயவில்லை.

"வேலையை விட்டுத் தூக்கிட்டாங்களாம்," என்றார் தையல்கார அக்கா.

"ஏதோ தப்பு பண்ணியிருப்பாங்க," என்று நானும் கொஞ்சம் உப்புப் போட்டேன்.

செவ்வாய்க்கிழமை அந்தச் செய்தி பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தது. "வேற யாரையாவது கூப்பிட்டுக்கலாம்மா," என்று கண்ணாடிக்காரியிடம் சொல்லிவிட்டார் டீச்சர்.

அன்று மாலை மூன்றாம் மாடியில் ஜன்னல் திறந்திருந்தது. காது கேட்டுவிட்டது, நான் என்ன செய்வேன்?

"எங்க போறேன்னு சொல்லிடும்மா. எல்லார் வாயும் மூடிடும்."

"சொல்லக் கூடாதுடா கண்ணு."

"உன்னைப் பத்தித் தப்பா பேசுறாங்க."

"பேசட்டும்."

"நான் விடமாட்டேன்."

அம்மாவின் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. அது ரகசியமில்லை. அறிக்கையில் கண்ணால் பார்த்ததை இடப்பக்கம் எழுத வேண்டும். மனதில் நினைத்ததை வலப்பக்கம். இரண்டையும் கலந்தால் தவறான கப்பலைத் துரத்திக்கொண்டு போக வேண்டியதுதான்.

மறுநாள் கண்ணாடிக்காரி நடுவே கோடு போட்ட நோட்டுடன் கதவு கதவாகத் தட்டினாள்.

"அக்கா, எங்கம்மாவை வேலையை விட்டுத் தூக்கினதை நீங்க பார்த்தீங்களா?"

"பார்க்கல. ஆனா யூனிஃபார்ம் காயலையே," என்றார் தையல்கார அக்கா.

"யூனிஃபார்ம் காயலைங்கிறது இடப்பக்கம். மத்தது வலப்பக்கம். கையெழுத்துப் போடுங்க."

அடுத்தது என் வீடு. "எங்கம்மா தப்பு பண்ணதைப் பார்த்தீங்களா அத்தை?"

"சின்னப் பொண்ணு மாதிரி பேசு," என்றேன்.

"சின்னப் பொண்ணுதான். பார்த்தீங்களா, இல்லையா?"

வலப்பக்கம் கையெழுத்துப் போட்டேன். என் பேனா சரியாக எழுதவில்லை என்று அவளுடைய பேனாவையே கொடுத்தாள்.

பதினோரு வீடு முடிந்தபோது வலப்பக்கங்கள் நான்கு நிரம்பியிருந்தன. இடப்பக்கம் ஒரே ஒரு வரி.

வியாழக்கிழமை அந்த நோட்டு டீச்சரின் மேசைக்குப் போனது.

"இடப்பக்கம் நீங்க ஏதாவது எழுதணுமா டீச்சர்?"

டீச்சர் நான்கு பக்கத்தையும் படித்தார். பேனாவை எடுத்தார். மூடி வைத்தார். "நாளைக்கு ஒன்பதரைக்கு அம்மாவை வரச் சொல்லு."

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூட வாசலில் எனக்குத் தற்செயலாக ஒரு வேலை இருந்தது. அம்மா மடிப்புக் கலையாத வெள்ளைச் சீருடையில் வந்தார். வகுப்பில் முதல் கேள்வியே, "மூணு வாரமா எங்க போனீங்க?" என்பதுதானாம்.

"வேலைக்கு," என்றாராம் அம்மா.

இப்போதெல்லாம் எங்கள் கட்டடத்தில் வம்பு பேசுவது பெரும் பாடாகிவிட்டது. "விஷயம் தெரியுமா?" என்று யாராவது ஆரம்பித்தால் போதும், மூன்றாம் மாடியிலிருந்து நோட்டும் பேனாவும் இறங்கி வருகின்றன.