உள்ளிருந்து பிடித்தவன்

கொர்தோபாவில் மதியத் தூக்க வேளையில் நாய்கூடக் குரைக்காது. அந்த வேளையில் விமானக் கொட்டகைக்குள் யாரோ மூன்று முறை தட்டினார்கள், இடது இறக்கைக்குள்ளிருந்து.

தகடுகளைப் பிணைக்கும் ரிவெட் ஆணிகளைக் கழற்ற வந்திருந்த எவரிஸ்தோ லுதுவேனா துளைக்கருவியைக் கீழே வைத்தார். நான்கு புரொப்பெல்லர்களோடு நின்ற அந்தப் பயணிகள் விமானத்தை நாளைக்கு வெட்டப்போகிறார்கள். அதைப்போல் இன்னொன்று செய்யப்படவே இல்லை. பறந்த நான்கு தடவையும் இடப்பக்கமே சாய்ந்தது. பொறியாளர்கள் மண்டையை உடைத்துக்கொண்டும் காரணம் பிடிபடவில்லை. திட்டத்தை ஊற்றி மூடினார்கள். முந்நூறு பேருக்கு வேலை போயிற்று.

காரணம் லுதுவேனாவுக்குத் தெரியும். ரிவெட் அடிக்க வெளியே ஒருவன் வேண்டும். உள்ளே ஒருவன் இரும்புக்கட்டியை அணைகொடுத்துப் பிடிக்க வேண்டும். அவன் ஒரு தட்டு தட்டினால் சரி, மூன்று தட்டினால் நிறுத்து. ஒல்லியான ராமிரோதான் எப்போதும் உள்ளே. இரண்டு வருடத்துக்கு முன், அமைச்சர் பார்க்க முதல்முறை பறக்கவேண்டிய அன்று, மேலாளர் பின்னால் நின்று விரட்டிக்கொண்டிருந்தார். அவன் வெளியே வரும் வழியை அடைக்கும் கடைசித் தகட்டில் மூன்று தட்டு கேட்டது. லுதுவேனா நிறுத்தவில்லை. நிறுத்துவார் என்று நம்பி, ராமிரோ கடைசி ரிவெட் வரை இரும்பைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தான். பறந்து இறங்கிய பிறகு திறந்துவிடலாம் என்று நினைத்தார். விமானம் இறங்கியபோது இறக்கையில் சத்தமே இல்லை. ராமிரோ எவளோடோ சிலிக்கு ஓடிவிட்டான் என்று ஊர் பேசியது. பாவி, அதற்கும் தலையாட்டினார்.

"அண்ணே."

ராமிரோவின் மனைவி நெலிதா. அந்த விமானத்தின் இருக்கைகளுக்கு உறை தைத்தவள். கையில் மாத்தே என்னும் மூலிகைத் தேநீர்க் கோப்பையோடு நின்றாள்.

"கடைசியா ஒருதரம் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன். அது என்ன சத்தம்?"

"எலியா இருக்கும்மா."

மறுபடி மூன்று.

"எலிக்கு எண்ணத் தெரியுமா?" அவள் சிரிக்கவில்லை. "திறங்க."

துளைக்கருவியை எடுத்து அந்தக் கடைசித் தகட்டின் ரிவெட்டுகளைத் துளைத்தார். ஒன்று விழுந்தது. இன்னொன்று. பழைய பெயின்ட் வாடை. அதற்கடியில் காய்ந்த தோல் வாடை. தகடு தளர்ந்தது. கழன்றது.

முழங்கால் மடக்கி, கருத்து, வற்றிப்போய் ராமிரோ. இரண்டு கைகளும் இரும்புக்கட்டியை இறக்கையின் உட்சுவரோடு அழுத்தியபடி.

"நான்தாம்மா," என்றார் லுதுவேனா. "தட்டினான். எனக்குக் கேட்டுச்சு."

நெலிதா அழவில்லை. உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரும்பு அசைந்தது. வேலைநேரம் முடிந்தவன் அடுத்த ஆளிடம் ஒப்படைப்பதுபோல், அந்தக் கை அதை லுதுவேனாவிடம் நீட்டியது.

அவர் உள்ளே போக வழிவிட்டு, நெலிதா ஒதுங்கி நின்றாள்.